லைட்டைக் கூட்டினேன், நைட்ரேட் காணாமல் போச்சு!

சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய்ப் பவளத் தொட்டிகளை, அதாவது கடல் மீனும் உயிருள்ள பவளமும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளை, பராமரிப்பது என் பிழைப்பு. உப்புத் தண்ணீர் வாளியோடு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளில் லிஃப்டுக்குக் காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். மீதி நாளில் வாட்ஸ்அப் பார்ப்பேன். போன மாதம் செங்காங்கிலிருந்து ஒரு அண்ணன் அனுப்பியிருந்தார்: "தம்பி, புது எல்இடி மாட்டி மூணு வாரம்தான் ஆச்சு. நைட்ரேட் 20ல இருந்து பூஜ்ஜியம்! லைட்டுன்னா இதுதான்பா லைட்டு."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நைட்ரேட் என்பது மீன் கழிவும் தீனியும் சிதைந்து தண்ணீரில் சேரும் நைட்ரஜன் சத்து; இங்கே சொல்லும் எண்கள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. நைட்ரேட்டை அழிக்கும் வேலை எந்தத் தொட்டி விளக்குக்கும் கிடையாது. வெளிச்சம் கூடினால் பாசியும், பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியும் வேகமாக ஒளிச்சேர்க்கை செய்யும். வளர நைட்ரஜன் வேண்டும், அதைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அண்ணன் தொட்டியிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். தண்ணீரில் இருந்தது இப்போது ஏதோ ஒன்றின் உடம்பில் இருக்கிறது. எதன் உடம்பில் என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 45 சதவீதம் புரதம் உள்ள உலர் தீனி ஒரு கிராம் போடுகிறீர்கள். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, 72 மில்லிகிராம் நைட்ரஜன். மீன் தின்று, கழித்து, பாக்டீரியா கை மாறி அத்தனையும் நைட்ரேட்டானால் சுமார் 320 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். தினம் ஒரு கிராம் போட்டால் வாரத்துக்கு 11. நைட்ரேட் 20 இருக்கும்போது பத்து சதவீதத் தண்ணீர் மாற்றினால் குறைவது வெறும் 2! மீதி எங்கே போகும்? கொஞ்சத்தை, நைட்ரேட்டாக மாறும் முன்பே, ஸ்கிம்மர் (காற்றுக் குமிழ்களால் கழிவைத் திரட்டும் கருவி) நுரையோடு எடுத்துவிடும். பாறைக்குள்ளும் மணலடியிலும் ஆக்சிஜன் எட்டாத இடத்து பாக்டீரியா கொஞ்சத்தை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். இன்னும் ஒரு பங்கை வளர்கிற உயிர்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படி வளர்ந்ததை நாம் கையால் பிடுங்கி வெளியே போடாதவரை அந்த நைட்ரஜன் தொட்டியை விட்டுப் போகவில்லை.

இந்தப் பாடத்தை நான் படித்தது என் சொந்தத் தப்பில். தொழிலுக்கு வந்த புதிது. ஒரு அக்கா வீட்டுத் தொட்டியில் பாறை தெரியாத அளவுக்குப் பச்சை முடிப்பாசி. நைட்ரேட் 2 கூட இல்லை. "தண்ணீர் சுத்தமாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் பாசி?" என்று அவர் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. நாலு நாள் லைட்டை அணைத்துத் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடச் சொல்லிவிட்டு வந்தேன். பாசியைப் பிடுங்கவில்லை, தீனியைக் குறைக்கவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் துணியை எடுத்தால் தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கல். பாசி சாம்பல் நிறத்தில் நூல் நூலாக விட்டுப்போய் பம்ப் வாயில் அடைந்து கிடந்தது. மஞ்சள் டாங் மீன் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றது. செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். பத்தாம் நாள் நைட்ரேட் 20. பாசி வைத்திருந்ததெல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிட்டது, தினம் போட்ட தீனியை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. மீன் பிழைத்தது என் அதிர்ஷ்டம். அந்த அக்கா அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

அந்த '2' சுத்தத்தின் அடையாளமே இல்லை. பாசி அள்ளிக்கொண்டது போக மிச்சம், அவ்வளவுதான். பாசி மண்டிய தொட்டியில் டெஸ்ட் கிட் காட்டும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். இப்போதெல்லாம் இருட்டடிப்பு செய்தால் முதல் நாளே கையால் பிடுங்கி, குழாய் வைத்து உறிஞ்சிவிடுவேன். தீனியைப் பாதியாக்குவேன், ஸ்கிம்மர் இரவு பகலாக ஓடும், மூடியைத் திறந்த அன்றே தண்ணீர் மாற்றம்.

சரி, செங்காங் அண்ணனுக்கு வருவோம். நேரில் போய்ப் பார்த்தபோது பாசி அதிகம் இல்லை. பவளங்கள்தான் வெளிறியிருந்தன. மணல்மேல் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம், நூலாக இழுபட்டது, நுனியில் காற்றுக் குமிழ்கள். காலையில் குறைந்து, மாலையில் மறுபடி அடர்கிறது என்றார். நான் சந்தேகப்பட்டது டைனோஃப்ளாஜெலேட் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிரை. நைட்ரேட்டும், அதைப் போலவே தீனியிலிருந்து வரும் இன்னொரு சத்தான பாஸ்பேட்டும் அடியோடு வற்றிய தொட்டிகளில்தான் இது அதிகம் தலைதூக்கும், சில வகை நஞ்சு. பலத்த வெளிச்சத்தில் பவளத்துக்குள் இருக்கும் பாசிக்குத் தேவை கூடும், கொடுக்கச் சத்து இருக்காது. வெயிலில் நிறுத்திப் பட்டினி போடுவது மாதிரி. நைட்ரேட் நிறைய இருந்து பாஸ்பேட் மட்டும் வற்றினாலும் ஆபத்துதான். அந்த நிலையில் சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்காமல் பவளம் சீக்கிரம் வெளுக்கும் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். பூஜ்ஜியம் நமக்கு வேண்டாம். நான் குறிவைப்பது நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1.

அண்ணனின் எல்இடியை 60 சதவீதத்துக்கு இறக்கி, 12 மணி நேரத்தை 8 ஆக்கினேன். வாரம் ஐந்து சதவீதமாக ஏற்றலாம் என்றேன். தீனியைக் கூட்டச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். இரண்டு வாரத்தில் நைட்ரேட் 4.

எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கிட்டுகள் நைட்ரேட்டாகக் காட்டும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். பின்னதை 4.43ஆல் பெருக்க வேண்டும். '5' என்று நிம்மதியாக இருந்த ஒருவர் வீட்டில் உண்மையில் 22.

நைட்ரேட் ஏறிக்கொண்டே போகிற தொட்டிக்கு நான் மேல்விளக்கைத் தொடுவதில்லை. கீழே சம்ப்பில் (தொட்டிக்கு அடியிலுள்ள துணைத் தொட்டியில்) ஒரு அறை ஒதுக்கி, நூடுல்ஸ் மாதிரிச் சுருண்டு வளரும் கீட்டோ பாசியைப் போட்டு, சிவப்பும் நீலமும் கலந்த வளர்ப்பு விளக்கை மாட்டுவேன். மேல்விளக்கு அணைந்த பிறகு, ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை அது எரியும். பவளம் தூங்கும் நேரத்தில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பிஎச் இறங்குவதையும் (அமிலத்தன்மை கூடுவதையும்) அந்தப் பாசி ஓரளவு தடுக்கும்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல் போன்ற கூடு கட்டும் கட்டிப் பவளங்கள் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடையில் யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள்.

தீனியைக் கூட்டிய பிறகு நைட்ரேட் ஏறிக்கொண்டே போகாமலிருக்க, செங்காங் தொட்டியிலும் இப்போது கீட்டோ ஓடுகிறது. ஞாயிறுதோறும் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்து எடுப்பது அண்ணிதான். போன வாரம் ஒரு கைப்பிடியைப் பிழிந்து தூக்கிக் காட்டி, "இதைக் கறிவேப்பிலைச் செடிக்கு உரமாப் போடலாமா?" என்று கேட்டார். உப்புப் போகும்வரை குழாயடியில் நன்றாக அலசினால் போடலாம் என்றேன். அண்ணன் இன்னும் லைட்டின் ரிமோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.