காற்றுக் கூடாரம் வாங்கும் முன்: நம்ம கடற்கரையில் அது எங்கே தாங்கும், எங்கே தாங்காது

"முள் குத்திடாதா அண்ணே?" காற்றடிக்கும் கூடாரத்தைப் பார்க்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். சீமைக்கருவேலத்துக்கு நடுவில் வளர்ந்த ராமநாதபுரத்துக்காரர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் எட்டு வருடமாக மண்டபம், உச்சிப்புளி பக்கத்துத் தோப்புகளில் குடும்பங்களுக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்து, வாடகைக்கு விட்டு, கிழிந்ததைத் தைத்து, ஓட்டையை ஒட்டி வருகிற என் அனுபவத்தில் முள்ளால் வீணான கூடாரம் குறைவு. மத்தியான வெயிலில் போனதும், மணலில் பிடிப்பு இல்லாமல் போனதும்தான் அதிகம். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

கம்பிக்குப் பதிலாகக் காற்று டியூப் தூக்கி நிறுத்துவதுதான் காற்றுக் கூடாரம். டயருக்குள் டியூப் இருப்பது போல, கெட்டியான துணி உறைக்குள் டிபியு என்கிற பிளாஸ்டிக்கில் செய்த டியூப் இருக்கும். ஒரு தடவை அடித்து வால்வை மூடினால் போதும், பொருட்காட்சியில் பிள்ளைகள் குதிக்கிற பெரிய பலூனுக்கு மாதிரி மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இதன் நல்ல பக்கத்தை மனதாரச் சொல்கிறேன். நாலு பேர் படுக்கிற கூடாரத்தை ஒரே ஆள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். கம்பிக் கூடாரத்தைக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும், ஒருவர் துணியைப் பிடிக்க, ஒருவர் கம்பியைக் கோக்க, அதற்குள் துணி முகத்தில் அடிக்கும். காற்று வேகமாக அடித்தால் ஃபைபர் கம்பி ஒரு கட்டத்தில் முறிந்து, முறிந்த முனை துணியையும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். காற்று டியூப் அப்படியில்லை, வளைந்து படுக்கும், காற்று தணிந்ததும் எழுந்து நிற்கும். உப்புக் காற்றில் துருப்பிடிக்க இரும்பு மூட்டுகளும் இல்லை. வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு காரில் வருகிற குடும்பத்துக்கு இதைத்தான் நான் போட்டுக் கொடுக்கிறேன்.

சரி, வெயிலுக்கு வருவோம். 2023 மே மாதம், அரியமான் பக்கம் ஒரு தோப்பில் மதுரையிலிருந்து வந்த குடும்பத்துக்குக் காலை ஆறு மணிக்குக் கூடாரம் போட்டேன். நிழலில்தான் போட்டேன், ஆனால் பதினொரு மணிக்கு நிழல் நகர்ந்துவிடும் என்பதை அன்றைக்கு யோசிக்கவில்லை. எல்லோரும் குளிக்கப் போயிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம், ஓடிப்போய்ப் பார்த்தால் நடு டியூப் உறையோடு பிளந்து கிடக்கிறது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டு இருந்திருந்தால் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். டயர் காற்றை அளக்கிற அதே பி.எஸ்.ஐ. அளவில் சொன்னால், காலையில் 28 டிகிரியில் 7 பி.எஸ்.ஐ. வைத்து மூடிய டியூப், வெயிலில் உள்ளே 60 டிகிரியைத் தொட்டால் 9 பி.எஸ்.ஐ.க்கு மேல் போய்விடும். காலையிலேயே ஆசைக்கு 9 வைத்திருந்தால் பதினொன்றைத் தாண்டும். அதனால் நான் இப்போது கூடாரத்தில் எழுதியிருக்கும் அளவைவிட ஒன்று குறைத்துத்தான் அடிக்கிறேன், பத்து மணிக்கு ஒவ்வொரு டியூபிலும் கொஞ்சம் காற்றை இறக்குகிறேன், சாயங்காலம் மறுபடி ஏற்றுகிறேன். அதிக அழுத்தத்தைத் தானே வெளியே விடும் வால்வு டியூபிலேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பம்ப்பில் மட்டும் அது இருந்தால், காற்றடிக்கிற நேரத்துக்குத்தான் காவல். இதே கணக்கு இரவில் தலைகீழாக நடக்கும், விடியற்காலைக் குளிர்ச்சியில் டியூப் தொய்ந்து நின்றால் உடனே ஓட்டை என்று பயப்பட வேண்டாம்.

பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றடிக்கக் கூடவே கூடாது. கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிப்பார்கள், கூடாரத்துக்கு வேண்டியது பெரும்பாலும் 5 முதல் 10 வரைதான், கண் மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும். தண்ணீரில் நின்று துடுப்புப் போடுகிற காற்றடித்த பலகைக்கு அடிக்கிற கை பம்ப் வால்வுக்குப் பொருந்தினால் பயன்படுத்தலாம், ஆனால் அந்தப் பலகைக்கு 12, 15 என்று ஏற்றுவார்கள், அதே கைவேகத்தில் இங்கே அடிக்காதீர்கள். பம்ப்பில் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள்.

அடுத்தது மணல். கூடாரத்தோடு வருகிற முளைக்குச்சி மண் தரைக்கானது, நம்ம கடற்கரை மணலில் அதை விரலால் பிடுங்கிவிடலாம். காற்று நிரம்பிய கூடாரம் பிடிப்பை விட்டதென்றால் அது ஒரு பெரிய பலூன்தான். உள்ளே பைகள் இருக்கின்றன, பறக்காது என்று நம்பி விட்டுப்போன ஒரு கூடாரம் முந்நூறு அடி உருண்டு கடலில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் படுக்க வைத்துப் புதைத்து மிதித்துவிடுங்கள். ஒரு கூடாரத்துக்கு ஆறு சாக்கு. முதலில் நங்கூரம், அப்புறம்தான் பம்ப், இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முள்ளைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. நிற்கிற டியூபை முள் தொடுவதே அபூர்வம். டியூப் தரையில் விரிந்து கிடக்கும்போதும், காற்றை இறக்க நாம் அதன் மேல் முழங்கால் போட்டு அமுக்கும்போதும்தான் குத்தும். மணலில் ராவணன் மீசை என்கிற புல் படர்ந்திருக்கும், அதன் இலை நுனி ஊசிதான். உடைமர முள், நெருஞ்சி, உடைந்த சிப்பி எல்லாம் சேர்ந்துகொள்ளும். கீழே தடித்த தார்ப்பாய் விரித்து அதன் மேல் பிரியுங்கள், அதன் மேலேயே மடியுங்கள். ஓட்டை விழுந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடிக்கலாம், ஆனால் சைக்கிள் டியூப் சொல்யூஷனும் ரப்பர் ஒட்டும் டிபியுவில் பிடிக்காது, இரண்டு மணி நேரத்தில் உரிந்துவிடும். டிபியுவுக்கென்று விற்கிற ஒட்டைக் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா டியூபும் ஒன்றோடொன்று இணைந்த மாடல் என்றால் ஒரு ஓட்டை மொத்தக் கூடாரத்தையும் படுக்க வைத்துவிடும், தனித்தனியாக அடைக்கிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பி இல்லாத கூடாரம், இடி விழாது என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். எந்தக் கூடாரமும் மின்னலிலிருந்து காப்பாற்றாது, இடி கேட்டால் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் எவ்வளவு முன்பணம் வாங்கியிருந்தாலும் நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

இடம் பற்றி இரண்டு வார்த்தை. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் தங்க விடமாட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே கூடாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தோப்புக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். எங்கள் பக்கம் தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடாவை ஆண் கடல், வடக்கே இருக்கிற பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள். கச்சான் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும், வாடை அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கமும் தங்கினால் கூடாரத்துக்கும் உங்கள் தூக்கத்துக்கும் நல்லது.

எடை ஒரு பெரிய குறை. நாலு பேர் கூடாரம் 15 கிலோவைத் தாண்டும், பம்ப் தனி. பஸ்ஸில் வந்து தோளில் தூக்கி நடக்கிற இளைஞர்கள் இதை வாங்கக் கூடாது, அலுமினியக் கம்பி போட்ட சின்னக் கூடாரம் அவர்களுக்குப் பாதி விலையில் கிடைக்கும், எடையும் இரண்டு மூன்று கிலோதான்.

கடைசியாக, உப்பு. திரும்பிப் போன அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் ஜிப் இறுகிவிடும், துணியில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், வால்வுக்குள் ஒரு மணல் துகள் இருந்தால் விடிய விடியக் காற்று இறங்கும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிற பொருள், அதனால் தோப்புக்காரரிடம் கேட்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் மொட்டை மாடியில், வெயில் சாய்ந்த பிறகு, பாதிக் காற்றில் நிறுத்தி, வால்வையும் ஜிப்பையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு இரவு முழுக்கக் காய விட்டு மடியுங்கள். கார் டிக்கியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், மே மாத டிக்கிச் சூட்டில் டியூபின் ஒட்டு விட்டுப்போன இரண்டு கூடாரங்கள் இப்போதும் என் கொட்டகையில் கிடக்கின்றன.