சுற்றும் சக்கரமும் சும்மா நிற்கும் சக்கரமும்

பழனி மலைத்தொடரிலுள்ள தாண்டிக்குடிக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தின் உள்பாதையில், ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு சனிக்கிழமைக் காலையில், எங்கள் ஜீப் கிளப்பின் ஏழு வண்டிகளில் மூன்றாவது வண்டி நின்றுவிட்டது. பாதையின் குறுக்கே மழைநீர் அறுத்திருந்த வாய்க்காலை அது கோணலாகக் கடக்க முயன்றபோது, முன்பக்க இடது சக்கரமும் பின்பக்க வலது சக்கரமும் தரையைவிட்டு எழும்பிவிட்டன. ஃபோர் வீல் போட்டிருந்தது. எஞ்சின் முழு மூச்சில் உறுமியது. அந்தரத்தில் நின்ற இரண்டு சக்கரங்களும் காற்றாடிபோலச் சுழன்றன. மண்ணில் அழுந்தி நின்ற மற்ற இரண்டும் அசையவே இல்லை. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், "நாலு சக்கரமும் இழுக்கும் என்றுதானே கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடை, அன்று காலையில் வத்தலக்குண்டிலிருந்து நாங்கள் ஏறிவந்த கொண்டை ஊசி வளைவுகளில் இருக்கிறது.

முழு வட்டத்தில் பாதியளவு திரும்பும் ஒரு வளைவில், வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்றால், அந்தக் கூடுதல் தூரம் அதனுடன் பை (π, சுமார் 3.14) என்ற எண்ணைப் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 4.7 மீட்டர். வளைவு அகலமானதா குறுகியதா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. ஜீப் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் உருளும் என்பதால், ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்கும் மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிப் பூட்டியிருந்தால் ஏதாவது ஒரு டயர் தார்ச்சாலையில் தேய்ந்து வழுக்கித்தான் தீரும். இதைத் தவிர்க்கவே, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்சியல் என்ற பற்சக்கர அமைப்பு அச்சின் நடுவில் இருக்கிறது.

டிஃபரன்சியலின் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரத்தைக் காவடித் தண்டாக நினைத்துக்கொள்ளலாம். எஞ்சினின் விசை அதன் நடுவில் தோள் கொடுக்கிறது. இரு முனைகளும் இடது, வலது அச்சுகளைத் தள்ளுகின்றன. ஒரு முனை முந்தவும் மறு முனை பிந்தவும் தண்டு இடம் கொடுக்கும், ஆனால் இரு முனைகளும் சுமப்பது எப்போதும் சம பாரமே. வளைவில் இது பெரும் வசதி. சேற்றில் இதுவே வினையாகிறது. காவடியின் ஒரு பக்கத்துச் சுமையை எடுத்துவிட்டால் தண்டு புரண்டுவிடும். மறு பக்கத்துச் சுமையையும் தூக்க முடியாது. அதுபோல, அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைச் சுற்றுவதற்கு மிகச் சிறிய முறுக்குவிசையே போதும் என்பதால், தரையில் ஊன்றிய சக்கரத்துக்கும் அதே சிறிய அளவுதான் கிடைக்கிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் காற்றில் இருக்கும் சக்கரம் வேகமாகச் சுற்றுமே தவிர, மற்றது அசையாது.

ஃபோர் வீல் லீவர் செய்வது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் செல்லும் தண்டுகளை, விசையை இரு அச்சுகளுக்கும் அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒன்றாகப் பூட்டுவது மட்டுமே. ஒவ்வோர் அச்சின் நடுவிலும் உள்ள டிஃபரன்சியலை அது தொடுவதில்லை. எனவே ஓர் அச்சுக்கு ஒரு சக்கரம் வீதம் எதிரெதிர் மூலைகளில் பிடிமானம் போய்விட்டால், நான்கு சக்கர இயக்கமும் கைவிரித்துவிடும். எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

அதற்காக அந்த லீவர் வீண் என்று கொள்ளக் கூடாது. ஈரச் செம்மண்ணில் உராய்வுக் குணகம், அதாவது மண்ணை அழுத்தும் எடையில் பிடிமானமாக மாறும் பங்கு, 0.4 என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களும் இழுத்தால் வண்டியின் முழு எடையும் பிடிமானத்துக்குப் பயன்படுகிறது. ஏறத்தாழ 22 பாகைச் சரிவுவரை ஏறலாம். பின் சக்கரங்கள் மட்டும் இழுத்தால், ஏற்றத்தில் எடை சற்றுப் பின்னே சாய்வதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், 12, 13 பாகையிலேயே வண்டி வழுக்கத் தொடங்கிவிடும். எஞ்சின் ஒன்றே, டயரும் ஒன்றே. மண்ணை அழுத்தும் எடையில் எவ்வளவு பங்கு வேலைக்கு வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

எங்கள் வண்டியை மீட்டவர் அந்தத் தோட்டத்தில் பல காலமாக ஜீப் ஓட்டிவரும் அண்ணன். "தம்பி, முதல்ல ஆக்சிலேட்டரை விடுங்க" என்றவர், தொங்கிய பின் சக்கரத்தின் அடியில் நான்கைந்து தட்டைக் கற்களை நெருக்கி அடுக்கினார். அந்தச் சக்கரத்துக்கு ஊன்றுகோல் கிடைத்ததும், காவடியின் இரு முனைகளிலும் சுமை ஏறியது. வண்டி ஒரு குலுக்கலோடு வெளியே வந்தது. இதே வேலையை அச்சை இறுக்கிப் பூட்டும் லாக்கரும் செய்யும். இன்றைய வண்டிகளின் மின்னணு அமைப்புகள், சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து அதன்மேல் ஒரு பொய்ச் சுமையை ஏற்றிக் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. நாமே பிரேக்கை மிதித்தால் அதே பலன் கிடைக்கும் என்று கிளப்பில் சிலர் சொல்வதுண்டு. பிரேக் மிதி ஊன்றிய சக்கரத்தையும் சேர்த்தே பிடிப்பதால், வரும் விசையை அதுவே தின்றுவிடுகிறது என்பது என் கருத்து.

மாலையில் முகாமிட்ட இடம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டரை ஒட்டிய உயரம். அங்கே தண்ணீர் சுமார் 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால் பானையில் வைத்த சோறு வேகத் தாமதமாயிற்று. காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ 83 விழுக்காடுதான். அந்த மெலிந்த காற்றே எஞ்சினுக்குள்ளும் போகிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பழைய பெட்ரோல் மாருதி ஜிப்சிகள் ஏற்றத்தில் முக்குவதற்கு இது ஒரு காரணம். குறையை ஈடுகட்டுவது லோ கியர். 1941இல் உற்பத்திக்கு வந்த வில்லிஸ் ராணுவ ஜீப்பிலேயே இது இருந்தது. அதன் விகிதம் 1.97, அதாவது வேகத்தைப் பாதியாக்கி முறுக்குவிசையை இரட்டிப்பாக்கும். விகிதம் 2.5 உள்ள இன்றைய வண்டியில் முதல் கியர், அச்சு கியர் எல்லாம் சேர்ந்து 40 மடங்கு குறைப்பு வருகிறது என்று கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகவே ஊர்ந்து செல்லும். பக்கத்தில் நடப்பவர் முந்திவிடலாம். அந்த நிதானத்தில் டயர் வழுக்காமல் மண்ணைக் கவ்விக்கொண்டே உருள முடிகிறது.

டயரில் காற்றை இறக்குவதும் அதற்காகவே. 1,700 கிலோ வண்டியின் ஒரு சக்கரம் 425 கிலோ தாங்குகிறது. 30 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அலகு) காற்றில் அது மண்ணைத் தொடும் பரப்பு தோராயமாக 200 சதுர சென்டிமீட்டர், ஏறக்குறைய விரித்த ஒரு கையளவு. 18க்கு இறக்கினால் 330ஐத் தாண்டுகிறது. சக்கரம் சேற்றில் புதைவதும் குறையும், கல்லைச் சுற்றி டயர் படிவதும் கூடும். சுழன்று பள்ளம் பறிக்காததால் தோட்டப் பாதைக்கும் நல்லது. இன்று பறித்த தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். கானகத்துக்குள் வண்டி இறக்காமல், அனுமதி தந்த தோட்டங்களின் பாதைகளோடு நாங்கள் நிறுத்திக்கொள்வதும் இதையெல்லாம் எண்ணித்தான்.

ஞாயிறு அன்று இறக்கம். 1,700 கிலோ வண்டி 1,200 மீட்டர் கீழே இறங்கினால் சுமார் 2 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அறுபது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அவ்வளவையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். ஈரமண் சரிவில் வேறொரு ஆபத்தும் உண்டு: எடை முன்னே சாய்வதால் இலகுவாகிவிட்ட பின் சக்கரங்கள் பிரேக்கில் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும். லோ கியரில் கிளட்ச்சைத் தொடாமல் இறங்கும்போது, எஞ்சினின் எதிர்ப்பு முன், பின் அச்சுகளைச் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. சக்கரங்கள் உருண்டுகொண்டே இருக்கின்றன.

தோட்டத்துக் கேட்டைத் தாண்டித் தார்ச்சாலையில் இரண்டு வளைவு போன பிறகுதான் புதிய உறுப்பினருக்கு ஃபோர் வீலை எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. லீவர் அசைய மறுத்தது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன, தண்டுகளோ பூட்டப்பட்டிருக்கின்றன. மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைக் கரைத்துவிடும். தாரில் அதற்கு வழியில்லாததால் தண்டுகள் முறுக்கேறி, பற்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. எங்களோடு வழியனுப்ப வந்திருந்த தோட்டத்து அண்ணன், "கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க தம்பி" என்றார். பத்தடி பின்னால் போனதும் முறுக்கு அவிழ்ந்து, லீவர் தானாகவே இடத்தில் விழுந்தது.