சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. நின்றுவிடுமா?

"டிஸ்பென்சரி பக்கமே போனதில்லை, எதுக்கு சார் இந்தப் பிடித்தம்?" கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. அவர்கள் கேட்பது இ.எஸ்.ஐ. பிடித்தத்தைப் பற்றி; தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை தரும் அரசுக் காப்பீடு அது. 18,000 ரூபாய் சம்பளத்தில் 0.75 சதவீதம் என்றால் 135 ரூபாய். இதோடு முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் கட்டுகிறார். அவர் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு இது கட்டாயம். "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

பிடித்தத்தைப் பற்றிக் கேட்பவர்கள் இதன் காலண்டரைப் பற்றிக் கேட்பதே இல்லை. அங்கேதான் நஷ்டம் வருகிறது.

இப்படிக் கட்டும் பணத்துக்குச் சந்தா என்று பெயர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம். அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. முதல்முறை சேருபவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. மற்றபடி பலன் தொடர, ஒரு சந்தா காலத்தில் 78 நாளுக்காவது சந்தா ஏறியிருக்க வேண்டும்.

ஒருவருக்கு ஜூன் மாதம் சம்பளம் 22,500 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல அலுவலகங்களில் அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்திவிடுவார்கள். கையில் நூற்றைம்பது ரூபாய் கூடுதலாக வருவதால் ஊழியரும் பேசாமல் இருந்துவிடுவார். இது தவறு. சந்தா காலத்தின் நடுவில் சம்பளம் 21,000 வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர் முடியும்வரை, அதுவும் முழு 22,500-க்கும், கட்டியாக வேண்டும். ஜூனில் நிறுத்தினால் ஏப்ரலும் மேயும் சேர்த்து 61 நாள்தான் ஏறியிருக்கும். 78 வரவில்லை. அடுத்த ஜனவரியில் மனைவிக்கோ அப்பாவுக்கோ ஆபரேஷன் என்று போனால், தகுதி இல்லை என்று கணினி காட்டும்.

இதே கணக்கு வேலையை விட்டவருக்குச் சாதகமாக வேலை செய்யும். செப்டம்பர் தொடக்கத்தில் நின்றவர் ஏப்ரலிலிருந்து ஒழுங்காகச் சந்தா ஏறியவராக இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அவருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும். வேலை போனதும் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து மாத்திரையோடு இது முடிவதும் இல்லை. உடம்பு முடியாமல் லீவில் இருந்தால், 78 நாள் தகுதி உள்ளவருக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை வரும். நாள் சம்பளம் 600 என்றால் 420 ரூபாய். ஆனால் இ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிஃபிகேட் வேண்டும். வீட்டில் படுத்திருந்துவிட்டு அப்புறம் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்; அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் கட்டியிருந்தால் போதும். வேலையில் அடிபட்டால் இந்த நாள் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு.

குடும்ப விவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் பதிவு செய்ததோடு விட்டவர்கள்தான் அதிகம். மனைவி, குழந்தை பெயர் ஏறியிருக்காது. குடும்பம் ஊரில் இருந்தால் அவர்களுக்கு அங்கேயே டிஸ்பென்சரி ஒதுக்கிக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் நம்பரை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்தால், எந்த மாதம் எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்கிறது என்று தெரியும். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-க்குள் முதலாளி கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்திருந்தும் அங்கே ஏறவில்லை என்றால், பே ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். முதலாளி கட்டாததால் உங்களுக்குப் பலன் போனால், அதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு.