வாரிசு: மகளையும் குறிக்கும் சொல்

மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வீட்டைப் பற்றி, "பாவம், வாரிசு இல்லாமப் போச்சு" என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகள் மூவர் கண்முன்னே நிற்கும்போதே அப்படிச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் இந்தச் சொல் மகனோடு ஒட்டிப்போயிருக்கிறது.

வாரிசு தமிழ்ச்சொல் அன்று. தாசில்தார், ஜமாபந்தி, வசூல் போன்றவற்றைப் போல அரபி, பாரசீகம், உருது வழியே நம்மிடம் வந்தது. அரபியில் 'வாரிஸ்' என்றால் இறந்தவரின் சொத்தைப் பெறுபவர். அச்சொல் வழங்கும் இசுலாமியச் சட்டத்தில் மகளும் வாரிசுதான். மகனுக்குக் கிடைப்பதில் பாதி அவளுக்கு உண்டு. அது சமப் பங்கு அன்று. ஆனாலும் மகள் அங்கே கணக்கில் இருக்கிறாள். நம் பேச்சுதான் அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

சட்டமும் வெகுகாலம் அப்படியே இருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு மகனுக்கு மட்டும். தமிழ்நாடு 1989இல் அதைத் திருத்தியது. ஆனால் அதற்கு முன்பே மணமான மகள்களுக்குப் பங்கு இல்லை. 2005இல்தான் நாடு முழுவதும் மகளுக்குச் சம உரிமை வந்தது.

காகிதத்தில் வரும் இந்த மாற்றம் வாழ்க்கையைத் தொடுகிறதா? தொடுகிறது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994இல் இதே திருத்தத்தைச் செய்தன. அதன்பின் அங்கே பெண்களின் படிப்பு கூடியது, திருமண வயது உயர்ந்தது என்று பொருளியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பின், தகப்பனையும் கணவனையும் இழந்த பெண்கள் மரபு வழக்கப்படி நிலம் கேட்க வழியின்றி நின்றார்கள். உழுது பிழைக்கும் நாட்டில் நிலம் இல்லையென்றால் சோறு இல்லை. 1999இல் அந்நாடு மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு என்று சட்டம் இயற்றியது. இன்றும் ஏறத்தாழ 40 நாடுகளில் மகளுக்கு அந்த உரிமை இல்லை.

சட்டம் வந்த இடத்திலும் ஒரு காகிதம் குறுக்கே நிற்கிறது: விடுதலைப் பத்திரம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயர் இருக்கும். அடுத்த மாதமே சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "அதான் சீர் செஞ்சாச்சுல்ல" என்ற ஒரே பேச்சுக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கைரேகை வைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

இனி, வாரிசு என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளில் வரும் எச்சம் என்பதைப் பரிமேலழகர் மக்கள் என்றே கொள்கிறார். அழகான சொல், ஆனால் இன்றைக்குப் பறவையின் எச்சம்தான் முதலில் நினைவுக்கு வரும். தாயாதி ஆண்வழிப் பங்காளிகளோடு நின்றுவிடுகிறது. வழித்தோன்றல் என்றால் மனைவியும் தாயும் விடுபடுவார்கள். அவர்களும் சட்டப்படி வாரிசுகளே. என் தேர்வு 'உரிமையர்'. மகன், மகள், மனைவி, தாய் எல்லாரும் அதில் அடங்குவார்கள். சட்டப் பேச்சில் தெளிவு வேண்டுமென்றால் 'சொத்துரிமையர்' என்று எழுதலாம்.