முகம் உங்களுடையது, படம் யாருடையது?

கவின்கலை படித்த ஒரு பெண் போன வருஷம் ஒரு பெரிய கவரோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே அவருடைய பதினோரு சுய உருவப் படங்கள். உடம்பெல்லாம் அரிசிமாவு பூசிக்கொண்டு, நான்கு விநாடி ஷட்டர் திறந்திருக்க, இருட்டறையில் சுழன்றிருக்கிறார். முகம் எதிலும் தெளிவாக இல்லை. புகை மாதிரி ஒரு வெள்ளைதான் தெரிகிறது. வாங்க ஒரு கேலரி தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கூடப் படித்த நண்பர், "அவை நான் எடுத்த படங்கள்" என்று கேலரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

"யோசனை என்னுது, உடம்பு என்னுது, மாவுகூட எங்க வீட்டு மாவு மேடம். அவன் பட்டனை அமுக்கினான், அவ்வளவுதான்" என்றார்.

சட்டம் முதலில் அந்தப் பட்டனைத்தான் பார்க்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் ஆசிரியர், அதாவது படைப்பாளி, அதை எடுத்தவர். படத்தில் இருப்பவர் அல்ல. காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் நண்பனுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? பரோட்டா வாங்கிக் கொடுத்தாராம். அதைப் பிரதிபலன் என்று நீதிமன்றத்தில் வாதாட எனக்குத் தைரியம் இல்லை.

எடுத்தவர் என்றால் விரல் மட்டும்தானா? கோணம், வெளிச்சம், ஷட்டர் வேகம் எல்லாவற்றையும் முடிவு செய்தவர் இவர்தான் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் தகராறு என்ற சொல் காதில் விழுந்ததுமே கேலரி பின்வாங்கிவிட்டது.

இது புதுச் சிக்கலும் இல்லை. பிரெஞ்சுக் கலைஞர் க்ளோத் காஹுன் 1920களிலேயே தலையை மழித்துக்கொண்டும் எடைதூக்குபவர் வேடமிட்டும் கேமரா முன் நின்றவர். அந்தப் படங்கள் வெகுகாலம் அவர் ஒருவர் பெயரிலேயே பேசப்பட்டன. பலவற்றில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் அவருடைய துணைவி மார்செல் மூராக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது இரண்டு பெயரையும் சேர்த்துப் போடும் அருங்காட்சியகங்கள் உண்டு. அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மன் சினிமாப் பெண்களைப் போல வேடமிட்டு நின்ற 1977-80 வரிசையில்கூடச் சில படங்களை அவர் அப்பா எடுத்திருக்கிறார்.

நம் பக்கத்தில் பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா என். இதைச் சரியாகக் கையாண்டார் என்பேன். 2000 முதல் 2004 வரை, ரவிவர்மாவின் லட்சுமி, போலீஸ் படத்தில் நிற்கும் குற்றவாளிப் பெண்கள் என்று தென்னிந்தியப் பெண் உருவங்களைத் தானே வேடமிட்டு மறுபடி உருவாக்கினார். கேமரா கிளேர் ஆர்னியிடம் இருந்தது. அந்த வரிசை இருவர் பெயரிலும்தான் அறியப்படுகிறது.

சரி, என் கட்சிக்காரர் கதை. இருவரையும் உட்காரவைத்துப் பேசினேன். நண்பருக்குக் காசு குறியில்லை, பெயர்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு படமாக மேசையில் பரப்பியபோது, நான்கில் கேமராவை அவரே தரைக்கு இறக்கிக் கோணத்தை மாற்றியது தெரிந்தது. அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டார். அந்த நான்கும் கூட்டுப் படைப்பு. மற்ற ஏழின் உரிமையை நண்பர் எழுதிக் கொடுத்தார். கேலரிதான் திரும்பி வரவில்லை.

நீளமான ஷட்டர், ஓடும் உடம்பு, கண்ணாடி, துணி என்று சோதனை செய்கிறவர்களுக்கு இன்னொரு கை தேவைப்படும். அந்தக் கையிடம் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படங்கள், என்னென்ன உரிமைகள், தொகை உண்டா என்பதோடு, காலத்தையும் இடத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், ஆசிரியர் நான்தான் என்று சொல்லும் உரிமை ஆசிரியரை விட்டுப் போகாது. அதனால் பெயர் எப்படி வரும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

ஆள் வேண்டாம் என்றால் டைமரோ ரிமோட்டோ போதும். அப்புறம், கேமரா இரவல் வாங்கியதென்றால் மெனுவுக்குள் போய் ஆசிரியர் பெயர் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சொந்தக்காரர் தன் பெயரைப் பதிந்து வைத்திருந்தால், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அந்தப் பெயர்தான் போய் உட்காரும்.