நைசியாவில் நடந்தது ஓட்டெடுப்பா?

"கி.பி. 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நைசியாவில் ஆயர்களைக் கூட்டி, ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார். அதுவரை அவர் வெறும் மனிதர்தான்." கிறிஸ்துமஸ் நெருங்கினால் இந்த வாட்ஸப் செய்தி தவறாமல் வந்துவிடும். திருச்சபை வரலாறு கற்பிப்பவன் என்பதால், "உண்மையா சார்?" என்று எனக்கு அனுப்பிக் கேட்கிறார்கள்.

இன்றைய துருக்கியில் உள்ள நைசியாவில் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், கூடியது உண்மை. கூட்டியவர் கான்ஸ்டன்டைன் என்பதும் உண்மை. மீதிதான் கோளாறு.

அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 112 வாக்கில், ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுகிறார்கள் என்கிறது அது. எழுதியவர் பக்தர் அல்ல, கிறிஸ்தவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தவர். பக்கச் சார்பு என்று தள்ளிவிட முடியாது.

சரி, அப்படியானால் நைசியாவில் என்னதான் சண்டை? எகிப்தின் அலெக்சாந்திரியா நகரக் குருவான ஆரியுஸ், இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவே இல்லை. உலகம் உண்டாகும் முன்பே இருந்தவர், அவர் வழியாகத்தான் எல்லாம் உண்டானது என்றார். ஆனால் பிதாவை, அதாவது தந்தையாகிய கடவுளைப்போல ஆதியற்றவர் அல்ல, பிதாவால் படைக்கப்பட்டவர் என்றார். கையில் வசனமும் வைத்திருந்தார்: கடவுள் ஆதியில் தன்னைப் படைத்ததாக ஞானம் பேசும் நீதிமொழிகள் 8:22, பிதா என்னைவிடப் பெரியவர் என்று இயேசுவே சொல்லும் யோவான் 14:28. அவருடைய ஆயர் அலெக்சாந்தர் தரப்போ, படைக்கப்பட்டவரை வணங்கினால் அது சிலை வழிபாட்டிலிருந்து எப்படி வேறாகும் என்று திருப்பிக் கேட்டது. இரண்டுமே லேசில் ஒதுக்கக்கூடிய வாதங்கள் அல்ல.

கடைசியில், குமாரனாகிய இயேசு பிதாவோடு ஒரே சாரம் உடையவர் என்ற அறிக்கையில் ஆயர்கள் கையெழுத்திட்டார்கள். கடைசிவரை மறுத்தவர்கள் லிபியப் பகுதியின் ஆயர்கள் இருவர் மட்டுமே. அவர்களும் ஆரியுஸும் நாடு கடத்தப்பட்டார்கள். அரசரின் கெடுபிடி இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே கான்ஸ்டன்டைன் சில ஆண்டுகளில் ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். நைசிய அறிக்கைக்காக மல்லுக்கட்டிய அலெக்சாந்திரியாவின் அடுத்த ஆயர் அத்தனாசியுஸை நாடு கடத்தினார். 337-இல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆரியுஸின் ஆதரவாளரான நிக்கொமேதியா ஆயர் யூசேபியுஸ்! அடுத்து வந்த மகன் கான்ஸ்டான்டியுஸ் நைசியாவுக்கு நேர் எதிர். அத்தனாசியுஸ் மொத்தம் 5 முறை நாடு கடத்தப்பட்டார். அரசர் நினைத்ததுதான் நிலைத்தது என்றால், ஜெயித்திருக்க வேண்டியது ஆரியுஸ் பக்கம்.

விவாதம் தெருவுக்கே வந்துவிட்டது. பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் ரொட்டி விலை கேட்டால், பிதாவே பெரியவர், குமாரன் கீழ்ப்பட்டவர் என்று பதில் வருகிறது என்று புலம்புகிறார் நீசா ஆயர் கிரகோரி. நம் ஊர் டீக்கடை அரசியல் தோற்றது! 381-இல் அதே நகரில் கூடிய சங்கம்தான், அதாவது ஆயர்கள் கூட்டம்தான், நைசிய அறிக்கையை மறுபடி உறுதிசெய்தது. அப்போதும் தெயோடோசியுஸ் என்ற பேரரசரின் ஆதரவு இருந்தது.

அப்புறம், பைபிளில் எந்த நூல் இருக்க வேண்டும் என்று நைசியாவில்தான் முடிவு செய்தார்கள் என்று இன்னொரு செய்தி சுற்றுகிறது. நைசியா சங்கத்தின் 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன. தன்னைத்தானே காயடித்துக்கொண்டவர் குருவாக இருக்கலாமா, வட்டிக்கு விடும் குருவை என்ன செய்வது, ஞாயிற்றுக்கிழமை முழங்காலிட்டு ஜெபிக்கலாமா என்றெல்லாம் அவற்றில் உண்டு. பைபிள் நூல்களின் பட்டியல் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.