தம் கட்டிய காற்றும் சிலிண்டர் காற்றும்

மேலூர், சோழவந்தான் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு முங்கு நீச்சலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தம் கட்டிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்து, அடிமண்ணைக் கைநிறைய அள்ளிக்கொண்டு ஏறிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறை பார்க்க, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்கும் ஸ்கூபாவில் இறங்கினால், கிணற்றுப் பழக்கம் ஒன்றைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். அதுதான் தம் கட்டுவது.

கடல் மட்டத்தில் நம்மேல் இருப்பது 1 வளிமண்டல அழுத்தம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அது 2 ஆகிவிடும், 20 மீட்டரில் 3. ஒரு பேச்சுக்கு, மேலே 6 லிட்டர் காற்றை இழுத்துத் தம் கட்டி 10 மீட்டர் முங்கினால், நெஞ்சுக்குள் அந்தக் காற்று 3 லிட்டராகச் சுருங்கும். ஏறியதும் பழையபடி 6 லிட்டர்தான். கொண்டுபோன காற்றே திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

ஸ்கூபாவில் அப்படியில்லை. வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் காற்றைத் தரும். இல்லாவிட்டால் அந்த ஆழத்தில் மூச்சே இழுக்க முடியாது. ஆக 10 மீட்டரிலும் நெஞ்சு நிறைய 6 லிட்டர். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் 12 லிட்டராக விரியப் பார்க்கும். அதற்கு நுரையீரலில் இடமேது? காற்று நுண்ணறைகள் கிழிந்து, குமிழிகள் ரத்தத்தில் ஏறி மூளைவரை போய்விடலாம்.

"ஆழமில்லாத இடம்தானே" என்ற தைரியம் இங்கேதான் ஏமாற்றும். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் காற்றின் கன அளவு மூன்றில் ஒரு பங்குதான் கூடும். 10 மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு வந்தால் இரட்டிப்பாகும். நெஞ்சு நிறையக் காற்றோடு தம் கட்டினால் ஒன்றரை மீட்டரிலிருந்து ஏறுவதுகூட ஆபத்துதான். இழுப்பதும் விடுவதுமாக மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இறங்கும்போது காது அடைப்பது கிணற்றிலேயே தெரிந்த விஷயம். வலி வரும்வரை காத்திருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால், தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழாய் வீங்கிக் கிடக்கும். கூட வந்தவர்கள் என்ன கெஞ்சினாலும் அன்றைக்கு இறங்கக் கூடாது.

சரி, பவளத்துக்கு வருவோம். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தைக் கொண்டு அதற்கு உணவு சமைக்கிறது. அதனால் வெளிச்சம் நன்றாக விழும் ஆழமில்லாத நீரில்தான் இந்தப் பாறைகள் செழிக்கும். நாம் நிலையாக மிதக்கத் திணறுவதும் அதே இடத்தில்தான். அரை மீட்டர் ஏறினாலே, மிதப்பதற்காகக் காற்றடைத்துப் போட்டிருக்கும் ஜாக்கெட்டிலுள்ள காற்று விரிந்து இன்னும் மேலே தூக்கும். பதறிக் காற்றை வெளியேற்றினால் தடாலென்று கீழே போவோம். ஒரு உதையில் மான்கொம்புப் பவளத்தின் கிளை முறிந்துவிடும். குழுவாகப் போனால் இன்னொன்றும் சேர்கிறது: முன்னால் போகிறவர் காலில் மாட்டிய துடுப்பால் கிளப்பிய மணல், பின்னால் வருகிறவர் கண்ணையும் மறைக்கும், பவளத்தின்மேலும் படியும். 1986-இல் 21 தீவுகளோடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா, 2016-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போன இடம். அங்கே மிஞ்சியிருப்பதை நாம் உதைத்து முறிப்பதை என்னால் ஏற்கவே முடியாது. மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில், தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கப் பழகிவிட்டுப் போங்கள். கடலில் இரண்டிரண்டு பேராக, ஒருவர் பின்னால் ஒருவராக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நீந்துங்கள்.

அப்புறம், காலையில் கடல், சாயங்காலம் கொடைக்கானல் என்று திட்டம் போடாதீர்கள். அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அது குமிழிகளாக வெளிவரலாம். ஒரு தடவை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் கழித்து மலையேறுங்கள். மதுரையிலிருந்து விமானம் ஏறுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.